மூன்று விரல் குறைவு

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை எட்டரை மணிக்கு அந்தக் கேளிக்கைப் பூங்காவின் பின்வாசல் வழியாக உள்ளே போனேன். பூக்கோப்பை ராட்டினத்தை இரண்டு பேர் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் சறுக்குப் பக்கமிருந்து குளோரின் வாடை மூக்கில் ஏறியது. அதையெல்லாம் தாண்டினால் 'சுரங்க ஊர்'. சிமெண்டுப் பாறை, பிளாஸ்டிக் லாந்தர், ஸ்பீக்கரில் ஓயாத சம்மட்டிச் சத்தம், பாறைக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும் ஒரு ரயில். வாசல் பலகையில் அதற்கு ஏதோ பெரிய பெயர் எழுதியிருந்தது. எங்களுக்கு அது எலி வண்டி.

எனக்கு விளக்கு வைத்த தொப்பியும் தோள்பட்டை வார் வைத்த கால்சட்டையும் கொடுத்தார்கள். சுரங்கத் தொழிலாளி வேஷமாம். நாற்பது வயதில் இந்தக் கூத்து உனக்குத் தேவையா என்று கண்ணாடியில் தெரிந்தவளைக் கேட்டேன். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. ரயிலில் ஆறு வரிசை, வரிசைக்கு இரண்டு சீட். ஆள் உட்கார்ந்ததும் மடிமேல் ஒரு கம்பியை இறக்கிப் பூட்ட வேண்டும். கம்பி பல் பல்லாக இறங்கும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு 'டக்'. தொப்பைக்காரருக்கு இரண்டு டக்கில் நின்றுவிடும். என்னைப் போன்றவளுக்கு நாலு. குழந்தை என்றால் ஆறு. காலி சீட்டானாலும் கம்பியை இறக்கியே ஆக வேண்டும். அது ஒன்பது டக் போய் சீட்டைத் தொடும். ஒரே மாதத்தில், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த சீட்டில் யார் என்று சொல்லும் அளவுக்கு எனக்குக் காது பழகிவிட்டது.

ஏறும் இடத்தில் உயரப் பலகை இருக்கும். நூற்றிருபது சென்டிமீட்டரில் ஒரு மஞ்சள் கோடு. தலை கோட்டைத் தொட்டால்தான் உள்ளே விடுவேன். அப்பப்பா, அந்த ஒரு கோட்டை ஏமாற்ற பெற்றவர்கள் போடும் ஆட்டம் இருக்கிறதே! உச்சியில் கொண்டை போட்டுக் கூட்டிவருவார்கள். "எக்குடா, எக்கு" என்று காதுக்குள் சொல்வார்கள். செருப்புக்குள் அட்டையை மடித்து வைப்பார்கள். நான் செருப்பைக் கழற்றச் சொல்வேன். சண்டைக்கு வந்தாலும் மசியமாட்டேன். அதனால் எனக்கு விழுந்த பெயர் 'கறார் அக்கா'.

ஆனால் திருப்பி அனுப்பும் குழந்தையிடம் மட்டும் குனிந்து கையை நீட்டுவேன். "இப்ப அக்கா கையப் புடிச்சுக்கிட்டு இறங்கி வா கண்ணு. வளந்ததும் நானே உன்ன ஏத்தி விடறேன்." இதைச் சொன்னால் பாதி அழுகை நின்றுவிடும். ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வேன். வாய்க்குப் பாடமாகிவிட்டது.

இரண்டாவது மாதம் ஒரு காலை, சனம் வருவதற்கு முன்னால், ரயிலைக் காலியாக ஓட்டிப் பார்க்கும் நேரம். வரிசையாகக் கம்பிகளை இறக்கிக்கொண்டே போனேன். எல்லாம் ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

கடைசி வரிசை, இடது சீட். ஆறாவது டக்கில் கம்பி நின்றது.

அழுத்தினேன். இறங்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். கொஞ்சம் அமுங்கி, மெதுவாகத் திரும்பி வந்தது. இரும்பில் இரும்பு இடித்தால் அப்படி இருக்காது. அதன் அடியில் ஏதோ மெத்தென்று இருந்தது.

சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். இந்தப் பூங்காவில் அவர் கை படாத நட்டு ஒன்று கிடையாது. வந்தார், எண்ணெய் விட்டார், "ஸ்பிரிங்கும்மா" என்றார். அடுத்த வாரமும் ஆறில் நின்றது. ஸ்பிரிங்கை மாற்றினார். மறுபடியும் ஆறு. மூன்றாவது முறை வந்தபோதுதான் கவனித்தேன். அவர் அந்த சீட்டைப் பார்க்காமலே வேலை செய்தார்.

"அண்ணே, எங்கிட்ட மறைக்காதீங்க. இதுல என்ன இருக்கு?"

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். "நீ வர்றதுக்கு முந்தின வருஷம் ஒரு பாப்பா. மூணு விரல் கம்மி. அப்பன்காரன் ஷூக்குள்ள அட்டை வச்சுக் கூட்டியாந்திருக்கான். அப்ப இருந்த ஆபரேட்டர் கோட்டப் பாத்தான், காலப் பாக்கல. கம்பியும் சரியா இறக்கல. ரெண்டாவது வளைவுல..." துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "ரைட மூடுனாங்க, பெயிண்ட் அடிச்சாங்க, பேர மாத்துனாங்க. உன் வேலையப் பாரும்மா."

என் வேலையைப் பார்த்தேன். மூன்று வருஷம் பார்த்தேன். அந்த சீட்டுக்கு 'பழுது' என்று அட்டை மாட்டச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டால், "காலியா ஓடும்போதுதானே நிக்குது, ஆள் உக்காந்தா சரியாத்தானே இருக்கு" என்று வாயை அடைத்துவிடுவார். அவர் சொன்னதும் உண்மைதான். அதனால் பயத்தை வெளியே காட்டாமல், உயரப் பலகையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. வருஷத்துக்கு ஒரு நாள் பூங்காவை மூடி, வேலைக்காரர்களின் குடும்பங்களை மட்டும் உள்ளே விடுவார்கள். அன்று காலை அவளைப் படுக்கையறைக் கதவு நிலையில் நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். நூற்றிப் பதினேழு? இல்லை, நூற்றிப் பதினைந்து. எலி வண்டிக்கு மூன்று விரல் குறைவு.

"இந்த வருஷமும் கெடையாதுடி."

"நீதானம்மா ஆபரேட்டர்! உன் ரைடுலயே என்ன ஏத்தமாட்டியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஒரு சுத்துதானே, விடேன்" என்றார் என் வீட்டுக்காரர். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

அன்று எனக்குக் கண்ட்ரோல் அறை. கேட்டில் வேறொரு பெண் நின்று உயரம் பார்த்து, கம்பி இறக்கினாள். வெளியே நல்ல வெயில். பூக்கோப்பையில் சிரிப்புச் சத்தம். நான் கண்ட்ரோல் பலகையில் எரியும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வரும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று. நாலு. ஐந்து. இரண்டு, அது கேன்டீன் சமையல்காரர். கடைசி வரிசை, வலது சீட், ஆறு. யாரோ குழந்தை.

கடைசி வரிசை, இடது சீட். ஆறு.

இன்னொரு குழந்தை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இடது சீட்டுக்கான கம்பியை அந்தப் பெண் இன்னும் தொடவே இல்லை. அவள் ஐந்தாவது வரிசைக்குத் திரும்பி வந்து என் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் பின்னால், வலது சீட்டில், என் மகள்.

கிளப்பும் பொத்தான் பக்கமே போகாமல், திறக்கும் பெடலை மிதித்துவிட்டு ஓடினேன். பத்துக் கம்பிகள் ஒரே மூச்சில் மேலே போயின. கடைசி இரண்டும் அசையவில்லை.

"யாரு இவள ஏத்தினது? யாரு?"

கேட்டில் நின்ற பெண் இரண்டு கையையும் தூக்கினாள். "கோட்டத் தொட்டாக்கா. சத்தியமா. செருப்பக்கூட கழட்டிப் பாத்துட்டேன்."

வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன வச்சீங்க? கால்ல என்ன வச்சீங்க?"

"ஒண்ணுமே வைக்கலடி! அவ நின்னா, தொட்டுச்சு. நானே அசந்துட்டேன்."

"நான் எக்கலம்மா" என்றாள் என் மகள். அவள் குரலில் பயமே இல்லை. "இந்தப் பாப்பாதான் கீழேர்ந்து தூக்கினா."

இடது சீட்டில் யாரும் இல்லை.

டக்.

சத்தம் என் மகளின் மடியிலிருந்து வந்தது. ஏழு.

மற்றவர்களை இறக்கி வெளியே தள்ளினார்கள். ஃபிட்டர் அண்ணன் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகினார். சாவி சுற்றியது, கம்பி ஏறவில்லை. நானும் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தோம். அவர் கை கிழிந்து ரத்தம் வந்தது.

"வயிறு அழுத்துதும்மா."

"இருடி கண்ணு, இரு, இதோ..."

"இறுக்கமா போட்டாத்தான் விழமாட்டியாம். பாப்பா சொல்றா. அவளுக்கு லூசா போட்டுட்டாங்களாம்."

ஃபிட்டர் அண்ணன் கையிலிருந்து சாவி விழுந்தது.

டக்.

எட்டு. ஒன்பதாவது டக் சீட்டைத் தொடும் என்பது அங்கே என்னைவிட யாருக்குத் தெரியும்? என் மகள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. முகம் நீலம் பாரித்தது. என்ன செய்வதென்று ஒரு மண்ணும் புரியவில்லை. அப்போது என் கை தானாக நீண்டது. மகளிடம் இல்லை. இடது சீட்டை நோக்கி. வாய் தன் பாடத்தைத் தானே சொன்னது.

"இப்ப அக்கா கையப் புடிச்சுக்கிட்டு இறங்கி வா கண்ணு. வளந்ததும் நானே உன்ன ஏத்தி விடறேன்."

சம்மட்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஸ்பீக்கரை யாரும் அணைக்கவில்லை.

இடது சீட்டின் கம்பி மெதுவாக மேலே போனது. பிறகு என் மகளின் கம்பி தளர்ந்து, அவள் இருமிக்கொண்டே வீட்டுக்காரரின் கையில் சரிந்தாள்.

நீட்டிய என் கையின் சுண்டுவிரலை ஏதோ பற்றிக்கொண்டது. சில்லென்று இருந்தது. சின்னதாக இருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் அரைகுறையாகத்தான் ஞாபகம். டாக்டர் பார்த்தார், வயிற்றில் கன்றிப்போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். நான் தொப்பியைக் கழற்றி சூப்பர்வைசரின் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக் கையை விரித்தபோதுதான், அதுவரை என் இடது கை எதையோ பிடித்தபடியே மடங்கி இருந்தது தெரிந்தது.

அந்த ரைடை அதோடு மூடிவிட்டதாகச் சொன்னார்கள். நான் ஒரு துணிக்கடையில் சேர்ந்துகொண்டேன். என் மகள் ராட்டினம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தூங்கும்போது மட்டும் சுவர் ஓரமாக ஒண்டிக்கொண்டு, பாதிக் கட்டிலைக் காலியாக விடுவாள். குழந்தைகள் எப்படியோ படுக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். போர்வையைச் செருகும்போது, "இறுக்கமா வைம்மா" என்பாள். காலியாக இருக்கும் பக்கத்தைக் காட்டிச் சொல்வாள்.

போன வாரம் அவளுக்கு எட்டு வயது முடிந்தது. சாயங்காலம், வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, கதவு நிலையில் நிறுத்தினேன். தலைமேல் ஸ்கேலை வைத்தேன். நூற்றிருபத்தொன்று. வீட்டுக்காரர் கைதட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது. பென்சிலை மேஜைமேல் வைக்கப் போனேன்.

"இரும்மா" என்றாள். "அவளும் வந்து நிக்கிறா. வளந்துட்டாளான்னு பாக்கணுமாம்."

வீட்டுக்காரரின் கைதட்டல் நின்றது.

"அங்க யாரும் இல்லடி" என்றேன். "பாரு, நல்லா பாரு. யாரும் இல்ல." அதைக் காட்டத்தான் ஸ்கேலை நிலையோடு சேர்த்துப் பிடித்து, மேலேயிருந்து காலியான காற்றில் தரைவரைக்கும் இறக்கிக் காட்டலாம் என்று ஆரம்பித்தேன்.

நூற்றிருபதைத் தாண்டிக் கீழே போனது. போன வருஷம் நான் போட்ட பென்சில் கோட்டுக்கு நேராக ஸ்கேல் நின்றது.

அழுத்தினேன். கொஞ்சம் அமுங்கி, மெதுவாகத் திரும்பி வந்தது.