ஏ/எல் கன்னையா

பேய் வருவதற்கு இருட்டு வேண்டும் என்பார்கள். நான் பார்த்தது பட்டப்பகலில், கண்ணாடியும் எஃகுமாய்ப் பளபளத்த ஒரு சீன நகரத்து அதிவேக ரயில் நிலையத்தில்.

பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நானும் எட்டு வயது மகள் வாணியும் மட்டும் போயிருந்தோம். என் மனைவி கௌசலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "பிள்ள கைய மட்டும் விட்றாதீங்க" என்று நூறு முறை சொல்லித்தான் அனுப்பினாள்.

டிக்கெட் கவுன்டரில் பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தேன். என் பெயர் சுகுமாறன் ஏ/எல் கன்னையா. அதாவது, கன்னையாவின் மகன். மகள், வாணி ஏ/பி சுகுமாறன். இது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நடுவிலிருந்த சாய்கோட்டைப் பார்த்து, ஆளுக்கொரு பெயராகப் பிரித்துவிட்டாள். வாணி, சுகுமாறன், கன்னையா. மூன்று டிக்கெட்.

"மிஸ், கன்னையா மை ஃபாதர். பாஸ்ட் அவே ஆல்ரெடி லா."

"யெஸ், த்ரீ பீப்பல்" என்று சிரித்தாள்.

ரயிலுக்கு எட்டு நிமிடமே இருந்தது; வாதாடாமல் மூன்றையும் வாங்கிக்கொண்டேன். அப்பா, வாணி பிறப்பதற்கு முந்தைய மாதம் போய்ச் சேர்ந்தவர். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று கடைசிவரை புலம்பினார். நுணலும் தன் வாயால் கெடும். நானும் கெட்டேன்.

"வாங்கப்பா, உங்களுக்கும் சீட் இருக்கு. பேத்தியோட வாங்க!"

வாணி விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று, ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கடைசியாகத் தேய்த்த தைலத்தின் வாசம் அடித்தது.

நுழைவு கேட்டில் வாணியின் பாஸ்போர்ட்டை வைத்தேன். கதவு திறந்தது. அவள் உள்ளே போனாள். என்னுடையதை வைத்தேன்.

சிவப்பு விளக்கு.

மறுபடி வைத்தேன்.

சிவப்பு.

காவலாளி திரையைப் பார்த்தான். "யூ இன்சைட் ஆல்ரெடி."

கண்ணாடிக்கு அப்பால் வாணி எஸ்கலேட்டரில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்திருந்தவன் என் உயரம், என் நீலச் சட்டை. முதுகு மட்டும் சற்றுக் கூனியிருந்தது.

"வாணி!"

இருவரும் திரும்பவில்லை.

ரயில் போய்விட்டது. அவளிடமிருந்த போனுக்கு அடித்தேன்.

"என்னப்பா, பக்கத்துல உக்காந்துகிட்டே போன் பண்றீங்க?"

"வாணி, அது அப்பா இல்லம்மா. எந்திரிச்சு, யூனிஃபார்ம் போட்ட ஆன்டிகிட்ட போ."

அவள் எழப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு கிசுகிசுத்தாள்.

"கைய விடமாட்றாங்கப்பா."

போன் அணைந்துவிட்டது.

நிலைய அதிகாரிகள் அடுத்த நிலையத்துக்குச் சொல்லி, என்னைப் பின்னால் வந்த ரயிலில் ஏற்றினார்கள். முக்கால் மணி நேரப் பயணம். நான் வேண்டாத தெய்வமில்லை. போய்ச் சேர்ந்தபோது, வாணி ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கட்டிப்பிடித்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

"கூட வந்தவர் எங்கம்மா?"

"மொதல்ல உங்க மாதிரியே இருந்தாங்க. அப்புறம் தாத்தாவாயிட்டாங்க. என்னையே பாத்து அழுதாங்க. இங்க வந்ததும் கைய விட்டுட்டாங்க."

"ஏதாவது சொன்னாரா?"

வாணி ரொட்டியை மென்று விழுங்கினாள்.

"போயிட்டு வரேன்னு சொன்னாங்க."