முஷ்டிப் படம்

எக்ஸ்ரே அறை கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் இங்கே விளக்குப் போட்டால்தான் பகல். இன்று மதியம் அந்தப் படிகளில் என் தங்கை இறங்கி வந்தாள், இடது கையைப் பிடித்துக்கொண்டு. உயரமான கட்டிடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவள். வழுக்கி விழுந்து கையை ஊன்றியிருக்கிறாள்.

"அக்கா, ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடு. மூணு மணிக்கு நான் மேலே ஏறணும்."

மணிக்கட்டில் இரண்டு சின்ன எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளப்பது என் வேலை. மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். கையை விரித்து ஒரு படம், முஷ்டியை இறுக்கி ஒரு படம். சில கிழிசல்கள் இறுக்கினால்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் எனக்கு 'ஸ்கேல்' என்று பெயர். அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தவள் நான்.

போன மாதம் மணிக்கட்டு வலியோடு ஒரு பெயிண்டர் வந்தார். அவருக்குச் சுண்டுவிரல் பாதிதான். "மீதியை ஒரு கதவு தின்னுடுச்சும்மா" என்று சிரித்தார். எனக்குப் பசி. முஷ்டிப் படத்தை விட்டுவிட்டேன். விரித்த கையை அளந்து, 'இரண்டு, பயமில்லை' என்று எழுதினேன். ஒன்பதாம் நாள் ஏணியில் அந்தக் கையின் பிடி நழுவியது. அவர் பிழைக்கவில்லை. பாவி நான், யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தங்கையின் கையை மேசைமேல் விரித்து வைத்தேன். தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் வந்தது முஷ்டி.

திரும்பப் போய் விரித்து வைத்துவிட்டு வந்து எடுத்தேன்.

மறுபடியும் முஷ்டி.

ஈரப் பெயிண்ட் வாசனை குப்பென்று அடித்தது.

அளந்தேன். ஐந்து. இவளை இன்று ஏறவிட்டிருந்தால்?

"நீ ஏறக் கூடாதுடி. ஜவ்வு கிழிஞ்சிருக்கு."

அவள் முகம் தொங்கிவிட்டது. "சரி, அதுக்காகக் கையை அப்படியா நசுக்குவே?"

"நானா?"

"வலியில கண்ணை மூடிக்கிட்டேன். ரெண்டு தடவையும் விரலை மடக்கி அமுக்கிப் பிடிச்சியே?"

படம் எடுத்த இரண்டு முறையும் நான் தடுப்புக்குப் பின்னால்தான் நின்றேன். அவள் பயந்துவிடக் கூடாது.

"ஆமா, நான்தான்."

அவள் என் கையை எடுத்து விரல் விரலாகத் தடவினாள். குரல் இறங்கிப்போனது.

"அப்போ சுண்டுவிரல் ஏன் பாதிதான் இருந்துச்சு?"