கேபிளுக்குக் காது கிடையாது

மஞ்சக்குப்பத்து வீட்டு சோபாவில், கழுத்தில் மைக் வயர் இறுகிய நிலையில் செத்துக் கிடந்தார் பாடகர் தட்சிணாமூர்த்தி.

செத்த நேரம், பிற்பகல் மூன்றிலிருந்து நான்குக்குள்.

மறுநாள் காலை பதினொரு மணி. கடலூர் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஆகாஷ். கீபோர்ட் வாசிப்பவன். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். வாசலில் ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவி மோகனப்பிரியா. அவளை உட்காரச் சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

போன வாரம்தான், “என் டியூனைத் திருடி வித்துட்டீங்க” என்று கச்சேரி மேடையிலேயே தட்சிணாமூர்த்தியின் சட்டையைப் பிடித்திருந்தான். போதாதா?

“அந்த நேரத்துல சிதம்பரத்துல என் ரூம்ல ரெக்கார்டிங்ல இருந்தேன் மேடம். ஃபைல்ல டைம் இருக்குது...”

“கம்ப்யூட்டர் கடிகாரத்த என் பையனே மாத்துவான்” என்றார் இன்ஸ்பெக்டர் மகேஸ்வரி. “நேத்து சிதம்பரத்துல தேர். மூணு மணிக்கு உன் ரூம் வாசல்லதான் நின்னுச்சாம். உன் ஃபைல்ல மேளமே இல்லியே... ஏன்?”

ஆகாஷ் மேஜை மேலிருந்த தன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். கீபோர்டிலிருந்து டிஜிட்டல் கேபிள் நேராக சவுண்ட் கார்டுக்குப் போகிறது, வெளிச்சத்தம் அதில் ஏறாது என்று நேற்றிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டான். யார் நம்பினார்கள்?

எதிரே கைகட்டி நின்ற பொன்னுரங்கத்தைக் காட்டினார் மகேஸ்வரி. ஆகாஷின் ரூமுக்குக் கீழே ஸ்டுடியோ நடத்துபவர். “இவரும் அதே நேரம் கீபோர்ட் ரெக்கார்ட் பண்ணிருக்காரு. அதுல மேளம் எவ்ளோ சுத்தமா கேக்குது, பாரு.”

பென் டிரைவ் பாடியது. கீபோர்ட்... பின்னால் தேர் மேளம்... நாதஸ்வரம்!

பொன்னுரங்கம் ‘பாவம்’ என்பது போல் தலையை ஆட்டினார்.

ஆகாஷ் மெல்ல எழுந்தான்.

“மேடம்... இந்த அண்ணன் ஸ்டுடியோவுல ஒரே ஒரு மைக்தான். அது எங்க?”

“பொணத்துக் கழுத்துல இருந்துச்சு. ஸ்டுடியோ ஸ்டிக்கரோட.” மகேஸ்வரி ஃபைலைப் புரட்டினார். “காலையிலயே தட்சிணாமூர்த்தி வாங்கிட்டுப் போயிட்டாராம். இவரே எழுதிக் கொடுத்துருக்காரு.”

“அப்போ அந்த மேளம் எது வழியா உள்ள போச்சு மேடம்?”

பொன்னுரங்கத்தின் தலையாட்டல் நின்றது.

பறிமுதல் செய்த கீபோர்டும் கம்ப்யூட்டரும் மேஜை மேல்தான் இருந்தன. ஆகாஷ் கேபிளைச் செருகினான். வாசித்தான். மகேஸ்வரி லத்தியால் மேஜையை ஓங்கி ஓங்கி அடித்தார். ரைட்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

திரும்பப் போட்டுக் கேட்டார்கள்.

கீபோர்ட் மட்டும்! லத்தி இல்லை!

பொன்னுரங்கம் வாசலைப் பார்த்தார். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து நின்றிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவரேதான் பேசினார். டியூனைத் திருடி விற்றது அவர். தட்சிணாமூர்த்தி அதைக் கண்டுபிடித்து ஆகாஷிடம் சொல்லப் போவதாக மிரட்டினார். சமாதானம் பேசப் போன இடத்தில், தட்சிணாமூர்த்தி காலையில் பாட்டுக்காக வாங்கிப் போயிருந்த மைக் வயர் கைக்கு வாட்டமாக இருந்தது. மேளம்? போன வருஷத் தேரில் எடுத்தது. ஆகாஷின் ஃபைலில் மேளம் இல்லை என்று ரூமைச் சோதித்த போலீஸ் பேசிக்கொண்டதைக் கேட்டு, தன் பழைய ஃபைலில் ஒட்ட வைத்து, நேரத்தையும் மாற்றினார்.

ஆகாஷ் அப்படியே பெஞ்சில் சரிந்தான். தனக்காகப் பேச இருந்த ஒரே மனிதரின் சட்டையைத்தான் பிடித்திருக்கிறான்! இனி யாரிடம் போய் மன்னிப்பு கேட்பது? அழுகை வந்தது. அழுதான்.

மகேஸ்வரி கீபோர்டை அவன் பக்கம் தள்ளினார்.

“கிளம்புப்பா. உன் பொண்டாட்டி எவ்ளோ நேரந்தான் நிப்பா? அடுத்த தடவ தேர் வந்தா, ரூம்ல ஒக்காந்து வாசிக்காத... போய் வடம் புடி. சாட்சி சொல்ல ஐந்நூறு பேர் இருப்பாங்க!”