பெரட்டுக்கு வந்தவர்கள்

எதிர் வீட்டுத் தினேஸ்வரி நைட்டியோடு, வெறுங்காலோடு, சாலை நடுவில் நின்று கலாதேவியின் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்த கலாதேவி, கிழக்கு வெளுக்காத அந்த ஈரக் காற்றில் அவளைக் கடந்துதான் தன் கேட்டைத் திறக்க வேண்டியிருந்தது.

"என்ன தினேஸ், தூங்கலையா?"

தினேஸ்வரியின் இமைகூட அசையவில்லை.

கலாதேவிக்குப் பயம் வரவில்லை. சில வாரங்களாக அவளுக்கு எதுவுமே வருவதில்லை. ஒரு மழை நாளில் பஸ் பழுதானபோது சூப்பர்வைசர் தன் மோட்டார் சைக்கிளில் அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அதை யாரோ படமெடுத்துத் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அடியில் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். கணவன் கோகிலன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே பேச்சை நிறுத்திவிட்டான். அவளும் சொல்லவில்லை. சோறு ஆக்கினாள், துணி துவைத்தாள், தூங்கினாள். ஊசி போட்டு மரத்த ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல் நாள்கள் போயின.

சாயங்காலம் தினேஸ்வரியிடம் கேட்டாள்.

"நானா? அலாரம் அடிச்சப்புறம்தான் எழுந்தேன் லா. அசதியில எதையாச்சும் பாத்திருப்பே."

சிரித்துவிட்டு உள்ளே போனவளின் குதிகாலில் செம்மண் காய்ந்திருந்தது. அந்தத் தாமானில் தாரும் சிமெண்டும்தான்.

மறுநாள் விடியலில் ஒருத்தி அல்ல, சாலையின் ஒரு பக்கம் முழுக்க ஆட்கள். கைலி, நைட்டி, அரைக்கால் சட்டை. தோளோடு தோள் ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு நின்றார்கள். ரப்பர் மரங்களை எப்போதோ வெட்டிவிட்ட அந்த இடத்தில் புளித்த ரப்பர் பாலின் நாற்றம் தொண்டை வரை அடித்தது. அவள் கடந்து போகப் போக, முகங்கள் மெதுவாக அவளோடு திரும்பின.

வீட்டுக்குள் போகாமல் முனையிலிருந்த அப்துல் ரசாக்கின் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். தாமான் வருவதற்கு முன் அங்கே இருந்த ரப்பர் எஸ்டேட்டிலேயே பிறந்தவர் அவர். அவள் சொன்னதைக் கேட்டுத் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார்.

"உன் வீட்டு வரிசை பூரா பெரட்டுக் களம், தங்கச்சி. விடியறதுக்கு முன்ன ஆளுங்கள நிறுத்திப் பேரு கூப்பிடுற எடம்."

"அங்க என்ன நடந்துச்சு பாய்?"

"ஒரு பொம்பளய தப்புன்னு யாராச்சும் சொல்லிட்டா போதும். எஸ்டேட்டு தொர அங்கதான் தண்டன குடுப்பான். மொட்ட அடிச்சி, கழுத்துல டின்ன கட்டி, தப்பு மேளம் அடிச்சி நடக்க விடுவானுங்க. எல்லாரும் பாக்கணும். தல குனிஞ்சா ரோத்தான் பெரம்பால அடி. அவ புருசனும் நிக்கணும்."

"அந்தப் பொம்பளைங்கதான் இப்ப வர்றாங்களா?"

"அவங்கள யாரும் பாத்ததில்ல." குரலைத் தாழ்த்தினார். "நின்னு பாத்தாங்களே, அவங்கதான் போகல. எங்க அத்தா கடசி வரைக்கும் இந்தப் பக்கம் விடியக்காலயில வரமாட்டாரு. ரெண்டு நாளு வேற எங்கயாச்சும் போயி இரும்மா."

போக எங்கே இடம்? வீட்டுக்கே திரும்பினாள்.

அடுத்த நாள் அவளுக்கு விடுமுறை. தப்புச் சத்தத்தில் விழித்தாள். பக்கத்தில் கோகிலன் இல்லை. படுக்கை சில்லிட்டிருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது, வெளியே இருட்டு கரைந்துகொண்டிருந்தது, தூரத்துச் சுண்ணாம்பு மலையில் மோதி அந்தத் தப்புச் சத்தம் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

வெளியே இரண்டு வரிசை. நடுவில் ஒரு வழி.

கோகிலன் ஒரு வரிசையின் முன்னால் நின்றான்.

"ஏங்க. உள்ள வாங்க."

அவன் கண்களிலிருந்து நீர் வழிந்தது. இமை மட்டும் மூடவில்லை.

அவள் பின்வாங்க நினைத்தாள். கால் முன்னால் போனது.

கழுத்தில் ஏதோ கனத்தது. கயிறு. தகரம்.

டங்.

யாரும் அவளைத் தொடவில்லை. காதோரம் குளிர்ந்தது. முடி கொத்தாகத் தோளில் விழுந்தது. பிறகு பின்னலே சரிந்து தாரில் கிடந்தது. வலிக்கவில்லை. அவள் நடந்தாள்.

டங். டங்.

வெளிச்சம் வந்தது. மைனாக்கள் கத்தின. முனையில் பள்ளிக்கூட வேன் திரும்பி ஹார்ன் அடித்தது. முடிந்தது என்று நினைத்தாள். அத்தனை வாரங்களில் முதல்முறையாக நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அண்ணே!" என்று கத்தினாள். "அண்ணே, நிறுத்துங்க!"

ஓட்டுநர் அவளைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

வேன் கதவு திறந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பைகளைக் கீழே வைத்தார்கள். தோளோடு தோள் ஒட்டினார்கள்.

கடைசியாக இறங்கிய சின்னப் பெண்ணுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகு மறைத்தது. கோகிலன் பின்னால் வந்து, குனிந்து அந்தச் சிறுமியைத் தூக்கினான். கலாதேவி நன்றாகத் தெரியும்படி, தன் தோள்மேல் உட்கார வைத்துக்கொண்டான்.