நலமானி

ஜெபக்கனியின் எண் மறுபடியும் நாற்பதுக்குக் கீழே இறங்கியது. கட்டிலின் தலைமாட்டில் விளக்கு சிவந்தது. மருந்தூட்டி தானாகவே நின்றது.

நலமானியைக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்குள், புளியங்கொட்டை அளவில் பதித்திருந்தார்கள். வலி, குமட்டல், தூக்கமின்மை, பயம் என்று புற்றுநோயாளி படும் பாட்டையெல்லாம் அது ரத்தத்திலிருந்தே படித்து, நூற்றுக்கு இவ்வளவு நலம் என்று ஒரே எண்ணாக்கிவிடும். முன்பெல்லாம் மருத்துவர் கேட்டால் நோயாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை. எண் இறங்கினால் மருந்து குறையும். மிகவும் இறங்கினால் நின்றேவிடும். வதைத்துக் குணப்படுத்தக் கூடாது என்பது சட்டம்.

டாக்டர் மதிவதனி திரையைத் திருப்பிக் காட்டினார். "அம்மா, இது மருந்தால வர்ற சரிவு இல்ல. உங்க வீட்டுக்காரர் வரும்போதுதான் இறங்குது."

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்தது. "அவரா? அவர் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு, டாக்டர்."

உண்மைதான். விசைப்படகு இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் சூசைராஜ், சாயங்காலமானால் டீசல் வாசனையோடு ஓடி வருவார். கஞ்சியை ஆற்றி ஊட்டுவார். குனியும்போது அவர் கழுத்தெலும்பு துருத்தும். நாம் போய்விட்டால் இந்த மனுஷன் என்ன செய்வார் என்று அவளுக்கு வயிற்றைப் பிசையும்.

நலமானிக்கு அந்தப் பிசைவும் வேதனைதான். வேறு பெயர் வைக்க அதற்குத் தெரியாது.

மறுநாள் அவரை உள்ளே விடவில்லை. அவள் கத்தினாள், எண் இன்னும் சரிந்தது.

"நீங்க அழ அழ மருந்து நிக்குதும்மா," என்று கெஞ்சினார் மதிவதனி. "ஒரே வழி பழக்கந்தான். அவரைப் பார்த்தாலும் எண் அசையாத அளவுக்குப் பழகிட்டீங்கன்னா, நானே அவரைக் கூட்டிட்டு வர்றேன்."

அவருக்காகத்தான் பழகினாள். திரையில் முதலில் அவர் காதோரம் மட்டும் தெரிந்தது. நெஞ்சு அடைத்தவுடன் நரம்பில் அமைதித்துளி இறங்கியது. பிறகு ஒரு கண், பிறகு சிரிப்பு, பிறகு "ஏ கனி" என்று கூப்பிடும் குரல். ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். போகப்போக மூடத் தோன்றவில்லை. ஒரு நாள் முழு முகமும் வந்தது, எண் ஆடவில்லை. சிஸ்டர்கள் கைதட்டினார்கள். மருந்து முழு அளவில் ஓடியது. கட்டி சுருங்கத் தொடங்கியது.

சூசைராஜ் வந்தார். பாதியாக இளைத்திருந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"கனி..."

அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். அவள் விரல்கள் நனைந்தன. திரையில் எண்பத்தொன்று. அப்படியே நின்றது.

அவள் கையை மெல்ல விடுவித்துப் போர்வையில் துடைத்தாள்.

"இனிமே தினமும் வரலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க!" என்றார் அவர், கண்ணீரோடு சிரித்தபடி.

அவர் தூக்குவாளியைக் கழுவப் போனதும் ஜெபக்கனி சிஸ்டரை அருகில் அழைத்தாள்.

"தினமுமா வரணும் அவரு?"