நான்காவது கணினி

அறையில் இருந்தவை மூன்று கணினிகள். திரையில் நான்கு இருந்தன.

அவற்றைப் பராமரிக்கும் ரைமோ முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. வட்டில் ஒன்றுமே இல்லாத கணினி எழுந்தவுடன் வலையில் குரல் கொடுக்கும்: நான் யார், எனக்கு முகவரி கொடு, நான் ஓடுவதற்கு எதையாவது அனுப்பு. நிறுவல் சர்வர் அதைக் கேட்டுப் பதில் சொல்லும். இயங்குதளம் முழுவதும் கேபிள் வழியாகவே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் மனிதன் தேவையில்லை. ஏதோ பழைய தொலைக்காட்சிப் பெட்டி குரல் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த வரியை அழித்தான்.

வரி திரும்ப வந்தது.

முதியோர் இல்லத்தின் நிலவறை அது. ஒரு சுவருக்கு அப்பால் சலவை இயந்திரங்கள் தம் ஈரப் பாரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தன. இன்னொரு சுவருக்கு அப்பால் சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையின் பலகைகள் உலரும் வாசனை, சோப்பு வாசனையோடும் சர்வர்களின் சூடான தூசு வாசனையோடும் கலந்து கதவிடுக்கில் கசிந்தது. பிற்பகல்தான். ஆனால் கூரையோரத்துச் சின்ன ஜன்னலில் கறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த வடக்கில் சூரியன் இனி ஜனவரியில்தான் எழும்.

நான்காவது கணினி கூப்பிட்டது. நிறுத்தியது. மறுபடி கூப்பிட்டது. இயந்திரம் கூப்பிட்டால் அதன் இடைவெளிகளில் ஒரு கணக்கு இருக்கும். இதில் இல்லை. இரண்டு முறை அவசரமாக, பிறகு நீண்ட மௌனம், பிறகு ஒன்று. விரல் களைத்த ஆள் அழுத்துவதைப் போல.

ஒவ்வொரு கணினிக்கும் தொழிற்சாலையிலேயே பதிந்து வரும் ஓர் எண் உண்டு. அவன் அந்த எண்ணைப் பார்த்தான். பிறகு பார்க்காமலே சொன்னான். மனப்பாடமாக இருந்தது. நவம்பரில் அந்தக் கணினியை அவனே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், நசுக்கும் இயந்திரத்துக்குள் விழும்வரை நின்று பார்த்துவிட்டு வந்திருந்தான்.

அவன் செய்த தவறு அந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறை செய்கிற தவறுதான். நிறுவல் சர்வரை ‘யார் கேட்டாலும், கேள்வி கேட்காமல், அழித்துவிட்டுப் புதிதாகப் போடு’ என்று வைத்திருந்தான். வேலை முடிந்ததும் அதை மாற்ற வேண்டும். நாளைக்கு மாற்றலாம் என்று வீட்டுக்குப் போனான். அன்றிரவு பனி மின்கம்பிகளை இழுத்து மின்சாரம் போய் வந்தது. கிழவர்களின் மணிக்கட்டுப் பட்டைகளிலிருந்து வரும் அபாய அழைப்பைச் செவிலிக்கு அனுப்புகிற அந்தக் கணினி விழித்தெழுந்து, வழக்கப்படி முதலில் வலையைக் கேட்டது. வலை பதில் சொன்னது. அது கீழ்ப்படிந்து தன்னையே அழித்துக்கொண்டது. விடியும்வரை சுத்தமாக, யாரையும் தெரியாமல் நின்றது.

ஏழாம் அறையில் ஹில்கா, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், கட்டிலருகே வழுக்கி விழுந்து, பட்டையின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். காலையில் அவளைப் பிணமாகத் தூக்கியபோது கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது.

ரைமோ வேறு யாருக்கும் சந்தேகம் தோன்றுவதற்குள் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டான். கணினி இரவு முழுவதும் ஓடியது என்று அறிக்கை கொடுத்தான். ஓடியிருந்தால், அழைப்பு வந்தும் போகாதவள் ஒருத்திதான். இரவுப் பணியில் இருந்த செவிலி இர்யா. அவளுடைய உரிமத்தைப் பறிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய நாளை விசாரணைக்கு ஆட்கள் வருகிறார்கள்.

அவர்கள் இந்த எண்ணைப் பார்த்தால் நவம்பரைத் தோண்டுவார்கள்.

இர்யா காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டு படியிறங்கி வந்தாள். அவன் கம்பளி சாக்ஸ் கால்களோடு அலமாரிக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

“சாக்ஸோட ஓடாத. இங்க எல்லாரும் விழுறது அப்படித்தான். உன்னையும் சேர்த்து நான் தூக்கணுமா?”

அவன் சிரிக்க முயன்றான். அழைப்பு எந்தக் கேபிளில் வருகிறது என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தான். ஏழாம் அறையில் யாரையாவது குடிவைத்திருக்கிறார்களா என்று கேட்டான். யாரும் இல்லை, மகன் சாமான்களை எடுக்கவே இன்னும் வரவில்லை என்றாள்.

“அன்னிக்கு ஜன்னல்கூடத் திறக்க முடியல. உறைஞ்சு போச்சு. இப்பவும் அப்படியே கெடக்கு.”

ஆள் இறந்தால் அறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது எல்லா இல்லங்களிலும் வழக்கம். போகிறவர் போக வழி வேண்டும்.

இர்யா கோப்பையைக் கையில் வைத்தே நின்றாள். “ரைமோ, ஒண்ணு மட்டும் கேக்குறேன். அன்னிக்கு உன் மெஷின் ஓடுச்சா?”

திரையில் நான்காவது வரி மினுங்கியது.

“ஓடுச்சு.”

“அப்ப நான்தான் தூங்கிட்டேன் போல. தூங்கின ஞாபகம் இல்ல. ஆனா இந்த வயசுல ஞாபகத்தை நம்பி என்ன சொல்றது.”

மெதுவாக மேலே போனாள். தூரத்துக் கூடத்தில் அவள் வானொலியைத் திருகியது கேட்டது.

அவன் ஏழாம் அறையின் கேபிளைப் பிடுங்கினான். காலித் துளையில் பச்சை விளக்கு தொடர்ந்து மினுங்கியது. இரண்டு அவசரமாக. மௌனம். ஒன்று.

கேட்பதைக் கொடுத்துவிட்டால் ஓய்ந்துவிடும் என்று தோன்றியது. சர்வரை ‘யார் கேட்டாலும்’ என்று திருப்பினான். பழையதற்குப் பதிலாகப் பட்டைகளின் அழைப்பைச் சுமந்து ஓடுகிற புதுக் கணினி இரண்டடி தள்ளித்தான் இருந்தது. அது நிற்காமல் ஓடும்வரை ஆபத்தில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து மாற்றிவிடலாம். கைப்பேசியை மேசையில் விட்டு மேலே போனான்.

ஏழாம் அறையின் கதவு கனமானது, தீ தாங்கும் கதவு. அவனுக்குப் பின்னால் மெத்தென்று தானே மூடிக்கொண்டது. தார் சோப்பு வாசனை. மூட்டுவலித் தைல வாசனை. யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கையின் வெதுவெதுப்பு. ஜன்னலின் உள்பக்கம் முழுக்கப் பனி. அதில் சுரண்டல்கள், கைப்பிடியைச் சுற்றி.

சுவரின் கேபிள் துளையில் எதுவும் செருகியிருக்கவில்லை.

திரும்பினான். வேகமாகத் திரும்பினான். சாக்ஸ் வழுக்கியது.

இடுப்புக்குள் ஏதோ ஈரமாக முறிந்தது. கத்தினான். பாதிக் குரல்தான் வந்தது. கதவுக்கு அப்பால் வானொலியில் யாரோ பாடினார்கள்.

மேசை விரிப்பின் நுனி கைக்கு எட்டியது. இழுத்தான். கண்ணாடி விழுந்தது, சீப்பு விழுந்தது, ஹில்காவின் பட்டை விழுந்தது. அழுத்தினான். அழைப்பு கணினிக்குப் போய்ச் சேர்ந்தால் பொத்தானருகே பச்சைப் புள்ளி எரியும்.

எரிந்தது.

கணினி அதை இர்யாவுக்கு அனுப்புமுன் விளக்குகள் மங்கின. அணைந்தன. திரும்ப வந்தன.

அவன் அசையாமல் கிடந்தான். கீழே புதுக் கணினியில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். விழிக்கிறது. வலையைக் கேட்கிறது. பதில் வருகிறது.

அழுத்தினான். டக். புள்ளி இல்லை.

அழுத்தினான். டக்.

டக்.

அந்தக் கடைசி டக்கை அவன் அழுத்தியிருக்கவில்லை.

இரண்டு, அவசரமாக. மௌனம். ஒன்று. கட்டிலுக்கு அடியிலிருந்து.

தலையைத் திருப்பினான். அவள் அவனைப் போலவே ஒருக்களித்துக் கிடந்தாள், கன்னம் தரையில், வெறும் மணிக்கட்டில் நகம் பிளந்த கட்டைவிரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாராவது வருவார்கள் என்று.