ஜோராக ஒரு குட்டு

பெங்களூர் லிங்கராஜபுரத்துப் பள்ளியில் ரங்கா சாரின் கணக்கு வகுப்பு வந்தாலே பிள்ளைகள் தலையைத் தடவிக்கொள்வார்கள். வாய்ப்பாடு தெரியாதவர் நிற்க வேண்டும். சரியாகச் சொன்னவர் போய் அவர் தலையில் குட்ட வேண்டும். சார் மட்டும் நாற்காலியை விட்டு அசையவே மாட்டார்.

அன்று பிரிசில்லா ஏழாம் வாய்ப்பாட்டில் திணறினாள். தாரணி டக்கென்று சொல்லிவிட்டாள். உயிர்த்தோழி தலையாயிற்றே, பட்டும் படாமலும் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஜோராகி," என்றார் சார்.

தமிழில் ஜோர் என்றால் பிரமாதம். கன்னடத்தில் ஜோராகி என்றால் பலமாக, சத்தமாக. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தாரணிக்கு இதுகூடத் தெரியாதா? ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். தலையில் மாட்டியிருந்த கிளிப் அழுந்தி, பிரிசில்லாவின் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"குட்," என்றார் சார். குட்டுக்கு ஒரு 'குட்'! அந்தப் பாராட்டு தாரணிக்கு இனிக்க வேறு செய்தது. அதுதான் வெட்கக்கேடு.

சாப்பாட்டு வேளையில் பிரிசில்லாவிடம் போய், என்மேல் தப்பில்லை, சார் சொன்னதைத்தான் செய்தேன் என்றாள்.

"சார் சொன்னாரு, சரி. கை உன்னுதுதானே?" என்றாள் பிரிசில்லா.

தாரணிக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கையால் முறுக்கை எடுத்துத் தின்னக் கூச்சமாக இருந்தது.

மறுநாளும் அதே கதை. பிரிசில்லா விழிக்க, தாரணி சொல்லிவிட்டாள். அவள் கிட்டே வருவதைப் பார்த்த பிரிசில்லா, கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். குட்டுவதற்கு வசதியாகவாம்!

தாரணிக்கு அவமானத்தில் காது சுட்டது. கிளிப்பை வாங்கி, மறுபடியும் அவள் தலையில் மாட்டிவிட்டாள்.

"குட்ட மாட்டேன் சார்," என்று முணுமுணுத்தாள்.

சாருக்குக் கேட்கவில்லை. "ஏனு? ஜோராகி ஹேளு," என்றார்.

சத்தமாகச் சொல்லச் சொல்கிறாரே! தாரணி ஜோராகவே சொன்னாள்.

"குட்ட மாட்டேன் சார். நேத்து குட்டினதே தப்பு."

சார் முகம் சிவந்துபோய், அப்படியானால் நீயும் அவளோடு நில் என்றார். ஆனால் குட்டுவதற்கு வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை.

மணி அடிக்கும்வரை இருவரும் நின்றார்கள். தாரணி தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நேத்து ரொம்ப வலிச்சுதா?"

"ம். ஜோரா வலிச்சுது," என்றாள் பிரிசில்லா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.